அடக்க உதவிச் சங்கத்தின் தபால் எண்ணெய்

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது பி.டி. மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்தார். பள்ளியில் எனக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், என் தலைமுடியும் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனாலும் அவர் கை பட்டால் என் முதுகு தானாக நிமிரும், தொப்பை உள்ளே போகும்.

"ஏன்டா, அந்த எண்ணெய் எப்போ வரும்?" என்றார்.

எந்த எண்ணெய் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. யார் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு நக்கல் வாயிலிருந்து விழும். யோசனை பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்து சேரும்.

"கிளம்பிடுச்சு சார். ஓசூர் ரோடு ஜாம்ல மாட்டியிருக்கு," என்றேன்.

மாஸ்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. வீட்டில் ஆன்ட்டியிடம் இப்போதே போய்ச் சொல்கிறேன், பாவம், காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நடக்கத் தொடங்கினார். கேட் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, இன்னொன்றும் சொன்னார். எங்கள் ஆபீஸ் ஆள் ஃபோனில் மெசேஜ் போடும்போது கொஞ்சம் மரியாதையாகப் போட வேண்டுமாம். வயசானவர்களிடம் 'ப்ரோ' என்றா பேசுவது என்று கேட்டார்.

எங்களுக்கு ஆபீஸ் கிடையாது. ஆளும் கிடையாது. பெங்களூரில் எங்கள் கோயில் பங்கின் அடக்க உதவிச் சங்கத்துக்கு நான் செகரட்டரி. சவப்பெட்டி வைக்கிற இரும்பு ஸ்டாண்டு, மழைக்கு ஒரு மடக்குப் பந்தல், பங்கு ஹாலில் பூட்டு சரியாக விழாத ஓர் அலமாரி, இவ்வளவுதான் எங்கள் சொத்து. இதில் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

மாஸ்டரின் மனைவியான ஆன்ட்டிக்கு என்ன என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அக்கி போட்டது. வலது தோளிலிருந்து மார்பு வழியாக முதுகு வரைக்கும் கொப்புளம். டாக்டரிடம் போனார்கள். சிவாஜி நகரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து காவியில் அக்கியும் எழுதினார்கள், அதை மட்டும் ஃபாதருக்குச் சொல்லவில்லை. கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது, டாக்டர் குணமாகிவிட்டது என்றார். வலி மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் துணி பட்டால் தீயாக எரியுமாம். ஃபேன் காற்றே ஆகாது. ஜாக்கெட் போட முடியாத ஒரு பெண்மணி கோயிலுக்கு எப்படி வருவார்? பாடற்குழுவில் ஆல்ட்டோ குரலில் பாடிக்கொண்டிருந்தவர், ஈஸ்டர் பாஸ்காவுக்குக்கூட வரவில்லை. படுத்தால் வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார் என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

சாப்பிடும்போது மாஸ்டர் எண்ணெய் கேட்ட கதையை மனைவியிடம் தமாஷாகச் சொன்னேன். அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"வழியில இருக்குன்னா சொன்னீங்க? அந்தம்மா வாசலையே பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. போய் என்னன்னு கேட்டுட்டு வாங்க."

பிரியாணி அப்படியே இருந்தது. போனேன்.

ஆன்ட்டி வாசலைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய மெல்லிய வாயில் சேலையை இடது பக்கமாகச் சுற்றி, வலது தோளைத் தொடாமல் ஒரு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், பரவாயில்லை, சாயந்திரம் வருமா என்று மெதுவாகக் கேட்டார். நான் மையமாகத் தலையாட்டினேன். ஆமா என்றும் எடுத்துக்கொள்ளலாம், கழுத்து சுளுக்கு என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மாஸ்டர் தன் ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் நான் அனுப்பிய இரங்கல் செய்தி இருந்தது.

இங்கே என் வேலைமுறையைச் சொல்லியாக வேண்டும். பங்கில் யாராவது இறந்தால் முதல் ஃபோன் எனக்கு வரும். நான் உடனே பழைய இரங்கல் செய்தியைத் திறப்பேன். பெயர், வயது, வீடு, அடக்கப் பூசை நேரம், இந்த நாலை மட்டும் மாற்றுவேன். மற்றதெல்லாம் அப்படியே. 'இறைவனில் இளைப்பாறுகிறார்' என்று தொடங்கி, கடைசி வரியில் 'மேலும் விவரங்களுக்கு' என்று சங்கத்தின் இணையதள முகவரியோடு முடியும். அந்த இணையதளத்தை யாரும் பார்ப்பதில்லை, அதை வைத்துக்கொண்டிருப்பது வீண் என்று கமிட்டி கூடி எப்போதோ கைவிட்டாயிற்று. கைவிட்டது இணையதளத்தைத்தான். கடைசி வரியைக் கைவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. செத்தவர்கள் பெயர் மாறிக்கொண்டே இருந்தது, கடைசி வரி மட்டும் சாகாமல் இருந்தது.

போன தடவை ஒரு இரங்கல் செய்தி வந்தபோது, அடக்கம் எத்தனை மணிக்கு என்று பார்க்கப்போன மாஸ்டரின் பெருவிரல் அந்தக் கடைசி வரியில் பட்டிருக்கிறது. இப்போது என் விரலால் நானும் தொட்டேன்.

மேலே எங்கள் சங்கத்தின் பெயர். அதற்குக் கீழே எங்கள் வாசகம், 'இறுதிவரை உங்களோடு'. அதற்குக் கீழே நாங்கள் கமிட்டிக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்கும் படம். நடுவில் நான், ஈ என்று. என் காலுக்குக் கீழே ஒரு பெரிய பச்சை இலை.

"மரவள்ளி இலை போல இருக்கு பாரு," என்றார் மாஸ்டர். "மூலிகைன்னு போட்டிருக்கான். நரம்பு வலிக்கு எண்ணெய், வீட்டுக்கே தபால்ல வரும்னு. பணமும் அனுப்பிட்டேன். நம்ம சங்கம் உயிரோட இருக்கிறவங்களுக்கும் ஏதோ செய்ய ஆரம்பிச்சிருக்குன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா."

நான் விரலால் கொஞ்சம் தள்ளினேன். எண்ணெய்க்கு மேலே வேறு சாமான்கள் இருந்தன. காய்ந்த பூ மாதிரி, பாசி மாதிரி, கண்ணாடிப் புட்டிகளில். ஒவ்வொன்றுக்கும் ஐஸ்கிரீம் போல ஒரு பெயர். ரகசியப் பொட்டலம், எந்த ஊருக்கும் தபாலில், யாருக்கும் தெரியாது என்று ஆங்கிலத்தில் சத்தியம் செய்திருந்தது. படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வார்த்தையில் நின்றேன். அதை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். கஞ்சா.

எங்கள் அடக்க உதவிச் சங்கம் தபாலில் கஞ்சா விற்றுக்கொண்டிருந்தது. நடுவில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்துவிட்டு வருகிறேன் சார் என்று எழுந்தேன், வாசலில் என் செருப்பென்று நினைத்து மாஸ்டரின் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு என் மூளை செய்த வேலைகளைச் சொன்னால் நீங்கள் என்னைச் செகரட்டரியாக வைத்துக்கொள்ள மாட்டீர்கள். முதலில் என் ஃபோனில் இருந்த எல்லா இரங்கல் செய்திகளையும் அழித்தேன். அழித்த பிறகுதான், ஒன்றும் செய்யாதவன் எதற்கு அழிக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது. எனக்கு வந்த கேள்வி போலீஸுக்கு வராதா? அதனால் மனைவியின் ஃபோனிலிருந்து அவற்றை மறுபடி எனக்கே அனுப்பிக்கொண்டேன். இப்போது அவள் ஃபோனும் இதில் சேர்ந்துவிட்டது. அடுத்து மீசையை எடுத்துவிடலாமா என்று கண்ணாடி முன் நின்றேன். படத்தில் மீசை இருக்கிறதே.

"மீசையை எடுத்துட்டா தொப்பையை என்ன பண்றதா உத்தேசம்? அதுவும் படத்துல இருக்கு," என்றாள் மனைவி.

அவளுக்கு என்மேல் கோபமில்லை. நான் கஞ்சா விற்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பமாட்டாளாம். எந்தப் பொருளையும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாத ஆள் நான் என்பது அவள் வாதம். அது எனக்குத் தைரியமாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது.

எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, ஊழியர்களுக்குக் கேப் ஏற்பாடு செய்யும் பிரிவில். மறுநாள் காலை கம்பெனி கேபில் போய்க்கொண்டிருந்தேன். பொம்மனஹள்ளி பக்கம் டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "சார், அந்த வெப்சைட்டை நாங்க எப்பவோ விட்டுட்டோம்," என்று கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சீட் பெல்ட் போடச் சொன்னார். டிரைவர் அதற்குப் பிறகு எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பாடற்குழுவில் கட்டைக் குரலில் பேஸ் பாடும் ஒரு வக்கீல் உண்டு. அன்று சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போய், என் நண்பருக்கு ஒரு பிரச்சினை என்று தொடங்கினேன். அந்த நண்பரின் படத்தை அவர் ஏற்கெனவே தன் ஃபோனில் திறந்து வைத்திருந்தார். படத்தில் நன்றாக விழுந்திருக்கிறீர்கள் என்றார்.

பிறகு அவர் போதைப்பொருள் சட்டத்தைச் சொன்னார். இலை மட்டும் தனியாக இருந்தால் அந்தச் சட்டம் அதைக் கஞ்சா என்று கணக்கில் எடுப்பதில்லை. பூத்த நுனி இருந்தால் கஞ்சா. நுனியோடு சேர்ந்திருந்தால் இலையும் அதன் கூட்டாளி. லைசென்ஸ் வாங்கி, டாக்டர் சீட்டு பார்த்து விற்கிற எண்ணெயும் நாட்டில் இருக்கிறது, அது மருந்து. இந்த மாதிரி கேட்பாரற்ற பழைய முகவரியைப் பிடித்து, பழைய படங்களை அப்படியே விட்டு, எல்லாவற்றையும் தபாலில் அனுப்புகிறேன் என்கிறவன் வேறு ரகம். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கு இலையும் நுனியும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்து தலையில் கரும்பச்சையாக ஏதோ சுற்றியது.

"அப்ப மாஸ்டர் வாங்கினது எது? இலையா, பூவா, மருந்தா?"

"அவர் எங்கே வாங்கினார்? பணம் அனுப்பியிருக்கார். அவன்கிட்ட இலையும் கிடையாது, பூவும் கிடையாது. அவன் விக்கிறது படம்தான். அதுவும் உங்க படம்."

கஞ்சா விற்பவன் என்று பயந்துகொண்டிருந்தேன். இல்லாத கஞ்சாவை விற்பவன் என்று ஆனபோது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ, எதற்காகப் பயப்பட வேண்டும் என்பதே இப்போது குழம்பிவிட்டது. சைபர் போலீஸில் புகார் கொடுங்கள், தாமதிக்க வேண்டாம், நானும் கூட வருகிறேன் என்றார் வக்கீல். அதற்கு முன்னால் மாஸ்டரிடம் சொல்ல வேண்டுமே என்றேன். அது போலீஸை விடக் கஷ்டம்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

மாஸ்டர் வீட்டு வாசலிலேயே அவர் குரல் கேட்டது. கோபமாக இருந்தார். எங்கள் 'ஆபீஸ் ஆள்' புதிதாக மெசேஜ் போட்டிருக்கிறான். பார்சல் விமான நிலையத்தில் பிடிபட்டுவிட்டது, அதை விடுவிக்க இன்னும் பணம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் வீட்டுக்கு வரும் என்று. மாஸ்டர் பயப்படவில்லை. அவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்துவிட்டாராம். எப்படி சார் என்றேன்.

"நீதானே சொன்னே, ஓசூர் ரோட்டுல மாட்டியிருக்குன்னு. விமான நிலையம் வடக்கால இருக்கு, ஓசூர் ரோடு தெற்கால இருக்கு. அதையே அவனுக்குத் திருப்பி எழுதிட்டேன். எங்க செகரட்டரி சொல்லியாச்சு, பார்சல் ஓசூர் ரோட்டுல இருக்கு, நீ போய் அங்க பாருன்னு."

அந்த மெசேஜ் போட்டவன் அதைப் படித்து எப்படி முழித்திருப்பான் என்று எனக்குப் புரிந்தது. அனுப்பாத பார்சல் ஒன்று தனக்கே தெரியாமல் பெங்களூரில் சுற்றிக்கொண்டிருக்கிறதே என்று குழம்பியிருக்க வேண்டும். 'எந்தப் பார்சல் ப்ரோ' என்று ஒரு பதில் போட்டிருந்தான். இந்த விவகாரத்தில் என்னை விடக் குழம்பிய ஒரே ஆள் அவன்தான். ஆக, நான் வாய்க்கு வந்தபடி அடித்த நக்கல் மாஸ்டரின் அடுத்த பணத்தைக் காப்பாற்றிவிட்டது. அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் ஆசை. ஆனால் உள்ளே நாற்காலியில் ஆன்ட்டி இருந்தார். அவரும் ஓசூர் ரோட்டைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் அவருக்கு எதிரே பிரம்பு மோடாவில் உட்கார்ந்தேன். எண்ணெய் வராது ஆன்ட்டி என்றேன். ஒருபோதும் வராது. அது நம் சங்கம் இல்லை, யாரோ ஒரு திருடன், நான் வழியில் இருக்கிறது என்று சொன்னது சும்மா விளையாட்டு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் கைக்குட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

மாஸ்டர் கதவோரம் அப்படியே நின்றார். ஆன்ட்டி சேலையைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார்.

"இவரு காட்டினப்போ வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றார். "ஃபோன்ல வர்றதை எல்லாம் நம்பற ஆளில்லடா நான். ஆனா அது நீ போடற சாவுச் செய்தியில இருந்துச்சு. நீ எல்லாத்துலயும் விளையாடுவே. அதுல மட்டும் விளையாடினதே இல்ல. அதான் நம்பினேன்."

நான் அதுவரைக்கும் சிறைக்குப் போவதைப் பற்றி யோசித்திருந்தேன், மீசையைப் பற்றி யோசித்திருந்தேன். அந்தக் கடைசி வரியை ஒருவர் நம்பிப் படிப்பார் என்று மட்டும் யோசித்ததில்லை.

இப்போது ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன். வலியைப் பற்றி யாரும் அவரிடம் அப்படி நேராகக் கேட்கவில்லை போலிருக்கிறது. சொல்ல ஆரம்பித்தார். எரிச்சல் எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, மின்சாரம் பிடித்த மாதிரி எப்போது வெட்டுகிறது என்று. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு மறுபடி போய் வலிக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். மாஸ்டருக்கே அதில் பாதி புதுச் செய்தி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அப்படியே ஒப்பித்தேன். அவள் வேலை செய்யும் பள்ளியில் ஒரு டீச்சருக்கு இதே மாதிரி இருந்ததாம், வலிக்கென்றே தனியாக டாக்டர்கள் இருக்கிறார்களாம். எழுந்து போய் அந்த டீச்சரிடம் பேசி, அந்த வார முடிவுக்குள் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கிவிட்டாள். நான் செய்தது ஒன்றே ஒன்று. குலுங்காமல் ஓட்டுகிற டிரைவர் யார் என்று எனக்குத் தெரியும், கேப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் கற்ற ஒரே வித்தை அது. அந்த டிரைவரை வரச் சொன்னேன். சீட் பெல்ட் தோளில் படாமல் ஆன்ட்டி பின்சீட்டில் இடது பக்கமாக உட்கார்ந்து வந்தார். மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் மாஸ்டர் முன்சீட்டிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று டிரில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த டாக்டரம்மா ஆன்ட்டியைத் தொடாமலே ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கி போன பிறகும் நரம்பு அடங்காமல் இப்படிக் கத்துவது உண்டு, அதற்கு மாத்திரை இருக்கிறது, தோளில் ஒட்டுகிற பட்டை இருக்கிறது, மெதுவாகத்தான் குறையும் என்றார். கிளம்பும்போது நான் மட்டும் பின்தங்கி, தபாலில் வரும் எண்ணெய் என்கிறார்களே, அது என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசிப்பது போல எனக்குப் பட்டது. பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

புகாரும் கொடுத்தோம். மாஸ்டர் சட்டையை இன் செய்து, ஷூ போட்டு வந்தார். வக்கீல் எல்லாவற்றையும் அழகாகக் கன்னடத்தில் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஃபோனில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படத்தில் இருப்பது நீங்கள்தானா என்று கேட்டார்.

"ஆமா சார், ஆனா நான் இல்லை," என்றேன்.

வக்கீல் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். போலீஸ்காரர் பேனாவை வைத்துவிட்டு, மாஸ்டரிடம் திரும்பி, இனிமேல் நீங்களே சொல்லுங்கள் என்றார். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். போன பணம் வருமா என்று தெரியாது என்றார்கள். பக்கத்தை முடக்க எழுதுகிறோம் என்றார்கள். ஒரு நாள் அது திறக்காது, நான் நிம்மதியாகத் தூங்குவேன்; இன்னொரு நாள் முகவரியில் வேறு வாலோடு மறுபடி வந்து நிற்கும், நடுவில் நான், ஈ என்று. இப்போதும் எந்த ஊரில் யார் என் படத்தைப் பார்த்து நம்பிக்கொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை.

அதற்குப் பிறகு பங்கில் ஒரு பெரியவர் இறந்தார். ஃபோன் வந்தது. பழைய செய்தியைத் திறக்கப் போன விரலை நிறுத்தி, முதல் வார்த்தையிலிருந்து புதிதாக எழுதினேன். கடைசி வரி வந்தபோது அங்கே என்ன போடுவது என்று தெரியவில்லை. விவரம் வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள் என்று போட்டேன். நிறையப் பேர் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டார்கள். எங்கள் பங்கில் ரகசியம் நிற்காது.

திருவிழாக் கொடியேற்றம் நடந்த ஞாயிறு, பாடற்குழு பெஞ்சின் ஓரத்தில் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். தளர்வான கையில்லாத ஜாக்கெட், அதன்மேல் லேசாக ஒரு துப்பட்டா. வலது பக்கம் யாரும் இடித்துவிடாதபடி மாஸ்டர் காவல் நின்றார். வலி பாதி குறைந்திருக்கிறது, மீதிப் பாதி என்ன உத்தேசத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை என்று என் மனைவியிடம் சொன்னாராம். ஆல்ட்டோ குரல் இரண்டு பாட்டுக்குத்தான் வந்தது. மூன்றாவதுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக் கை கூப்பினோம். முன் பெஞ்சிலிருந்து ஆன்ட்டி உடம்பை மெதுவாகத் திருப்பினார். கை கூப்பி, தலை குனிந்து, உதடு அசையாமல் கேட்டார்.

"ஓசூர் ரோடு இன்னும் ஜாமாடா?"

வாயைத் திறந்தேன். எப்போதும் தானாக வந்து விழுகிற பதில் அன்றைக்கு வரவில்லை. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். என் முதுகு நிமிர்ந்தது, தொப்பை உள்ளே போனது, சமாதானம் ஆன்ட்டி என்று மட்டும் சொன்னேன்.